ஆறு நொடி டிரம்ஸ் சொல்லித்தரும் பாடம்: கல்லூரியில் ஹிப்-ஹாப் படிப்பது எதற்காக?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஹிப்-ஹாப் ஒரு பாடமாக இருக்கிறது என்ற செய்தி அவ்வப்போது வாட்ஸ்அப்பில் சுற்றி வரும். "பாட்டு கேட்பதற்கெல்லாம் மார்க்கா?" என்ற கேள்வியும் கூடவே வரும். நியாயமான கேள்விதான். கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்க வைக்கும் பெற்றோருக்கு அதைக் கேட்கும் உரிமை இருக்கிறது.

இது நேற்று முளைத்த பாடம் இல்லை. வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகம் 1991-லேயே இதை வகுப்பறைக்குக் கொண்டு வந்தது. ஹார்வர்டில் 2002-ல் ஹிப்-ஹாப் ஆவணக் காப்பகம் தொடங்கியது. கார்னெல் பல்கலைக்கழக நூலகம் 2007 முதல் பழைய விருந்து நோட்டீஸ்களையும் கேசட்டுகளையும் அரிய கையெழுத்துப் பிரதிகளைப் போலப் பாதுகாத்து வருகிறது. 2018-ல் இசைக்கான புலிட்சர் பரிசு கென்ட்ரிக் லமாரின் ராப் ஆல்பத்துக்குப் போனது. மேற்கத்திய செவ்வியல் இசைக்கும் ஜாஸுக்கும் வெளியே அந்தப் பரிசு போனது அதுவே முதல் முறை.

அந்த வகுப்பில் அப்படி என்னதான் நடக்கிறது? ஒரு சத்தம் எங்கிருந்து வந்தது, அதை யார் செய்தார்கள், அதில் வந்த காசு யாருக்குப் போனது என்று தடம் பிடித்துப் போகும் பழக்கம்தான் அங்கே சொல்லித் தரப்படுகிறது. அந்தத் தடம் நகரத் திட்டமிடல், மின்னணுவியல், பதிப்புரிமைச் சட்டம், மொழியியல், நீதிமன்றம் என்று பல வாசல்களில் கொண்டுபோய் விடும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## முதலில் சொற்கள்

ராப் என்பது தாளத்தோடு ஒட்டி வேகமாகச் சொல்கட்டிப் பேசும் முறை. ஹிப்-ஹாப் அதைவிடப் பெரியது. வழக்கமாக நான்கு கலைகளைச் சேர்த்து அந்தப் பெயரால் சொல்வார்கள்.

1. டிஜே: இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு, வெட்டி ஒட்டி, புது இசை உண்டாக்குபவர்.
2. எம்சி: மைக் பிடித்துக் கூட்டத்தை நடத்துபவர். ராப் பாடகர் என்று இன்று நாம் சொல்வது இவரைத்தான்.
3. பிரேக்கிங்: நம் ஊரில் பிரேக் டான்ஸ் என்று பழகிய ஆட்டம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் போட்டியாகவே இடம்பெற்றது.
4. கிராஃபிட்டி: சுவரிலும் ரயில் பெட்டியிலும் பெயிண்ட் ஸ்பிரேயால் பெயரை எழுதும் ஓவியம்.

ஐந்தாவதாக 'அறிவு' என்ற ஒன்றையும் சேர்ப்பார்கள். நீ செய்யும் கலையின் வரலாறு உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் பொருள்.

இங்கேயே ஒரு பாடம் இருக்கிறது. இந்த நான்கும் ஒரே நாளில் ஒரே வயிற்றில் பிறந்தவை இல்லை. டாக்கி 183 என்ற பெயரை நியூயார்க் முழுக்க எழுதிய ஓர் இளைஞனைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் 1971 ஜூலையிலேயே செய்தி போட்டுவிட்டது. ஹிப்-ஹாப்பின் பிறந்தநாள் என்று இன்று கொண்டாடப்படும் தேதிக்கு அது இரண்டு வருஷம் முந்தியது. தனித்தனியாக வளர்ந்தவற்றை ஒரே குடும்பமாகச் சேர்த்துப் பெயர் வைத்தது பின்னால் நடந்தது. வரலாற்றில் இப்படிப் பின்னாளில் கட்டப்பட்ட மூட்டைகள் நிறைய உண்டு. அவிழ்த்துப் பார்க்கப் பழகுவதுதான் முதல் பயிற்சி.

## ஏன் பிராங்ஸில்?

நியூயார்க் நகரத்தின் வடக்குப் பகுதி பிராங்ஸ். 1970-களில் அதன் தெற்குப் பாதி குண்டு விழுந்த ஊரைப் போல இருந்தது. 1977 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் சார்லட் தெருவில் இறங்கி, இடிபாடுகளுக்கு நடுவே நடந்த புகைப்படம் உலகம் முழுக்கப் போனது. அந்த நிலைக்கு ஊர் எப்படி வந்தது?

1. நெடுஞ்சாலை. ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரியின் திட்டப்படி, 1948-ல் தொடங்கி, கிராஸ் பிராங்ஸ் விரைவுச்சாலை குடியிருப்புகளைப் பிளந்துகொண்டு போனது. ஈஸ்ட் டிரெமான்ட் பகுதியில் ஒரே ஒரு மைல் நீளத்துக்கு மட்டும் சுமார் 1,500 குடும்பங்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்தது.

2. வங்கிகள். கறுப்பினத்தவரும் புலம்பெயர்ந்தவர்களும் வாழும் பகுதிகளை 1930-களில் ஓர் அரசு நிறுவனம் வரைபடத்தில் சிவப்பு நிறத்தால் குறித்து, 'ஆபத்தான முதலீடு' என்று முத்திரை குத்தியது. அங்கே வீட்டுக்கடன் கிடைப்பது அரிதானது. வீடு பழுதானால் சீர்செய்யவும் பணம் புரளாது.

3. வீட்டு உரிமையாளர்கள். வாடகை வருமானத்தைவிடத் தீ விபத்துக் காப்பீட்டுத் தொகை பெரிதாகத் தெரிந்தபோது, சிலர் தங்கள் கட்டடத்துக்குத் தாங்களே ஆள் வைத்துத் தீ வைத்தார்கள்.

4. தீயணைப்பு நிலையங்கள். செலவைக் குறைக்க நகர நிர்வாகம் சில நிலையங்களை மூடியது. எதை மூடலாம் என்று சொல்ல ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தின் கணினி மாதிரி உதவியது. வண்டி எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்கிறது என்பதுதான் அதன் முக்கிய அளவுகோல். வரிசையாகத் தீப்பிடிக்கும் ஏழைப் பகுதியின் பாரம் அந்த அளவுகோலில் சரியாக விழவில்லை. எரிந்துகொண்டிருந்த பகுதிகளிலேயே நிலையங்கள் குறைந்தன.

நான்காவது காரணத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இன்று கணினி அறிவியல் படிக்கும் மாணவர்களுக்கு 'அல்காரிதத்தின் பாரபட்சம்' என்று தனிப் பாடமே உண்டு. கணக்கு சரியாக இருந்தும், எதை அளப்பது என்று முடிவு செய்த இடத்தில் தப்பு நடந்தால் ஒரு ஊரே என்ன ஆகும் என்பதற்கு ஐம்பது வருஷத்துக்கு முந்திய உதாரணம் இது. ஹிப்-ஹாப் வகுப்பில்தான் பல மாணவர்கள் இதை முதல் முறையாகக் கேள்விப்படுகிறார்கள்.

இதோடு நிறுத்திக்கொண்டால் கதை தவறாகப் போய்விடும். "ஏழ்மையிலிருந்து பூத்த கலை" என்று எழுதிவிடுவது எளிது. முதல் ஹிப்-ஹாப் விருந்து நடந்ததாகச் சொல்லப்படும் செட்விக் அவென்யூ 1520-ம் எண் கட்டடம் இடிபாடு இல்லை. மேற்கு பிராங்ஸில், நடுத்தர வருமானக் குடும்பங்களுக்காக அரசு உதவியோடு எழுந்த அடுக்குமாடி அது. கீழே குடியிருப்போர் வாடகைக்கு எடுக்க ஒரு பொது அறை இருந்தது. விருந்து நடத்திய குடும்பத்தின் அப்பாவிடம் தரமான ஒலிபெருக்கி சாமான் இருந்தது. இசைக்குழுக்களுக்கு மைக்செட் வேலை பார்த்தவர் அவர். வசதி இல்லாமை மட்டும் எந்தக் கலையையும் உண்டாக்கிவிடாது. ஒரு கூடமும் ஒரு மைக்செட்டும் விஷயம் தெரிந்த ஒரு பெரியவரும் வேண்டும்.

## கஞ்சி போட்ட துணியும் ஒன்பது நொடிக் கணக்கும்

1973 ஆகஸ்ட் 11. சிண்டி கேம்ப்பெல் என்ற பெண், பள்ளி திறப்பதற்கு முன்னால் புதுத் துணி வாங்கக் காசு சேர்க்க அந்தப் பொது அறையில் ஒரு விருந்து ஏற்பாடு செய்தார். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். இசைத்தட்டு போட்டது அவருடைய அண்ணன் கிளைவ். 'டிஜே கூல் ஹெர்க்' என்று பின்னால் உலகம் அறிந்தவர். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து, 1967-ல் பன்னிரண்டு வயதில் நியூயார்க் வந்தவர். பெரிய ஒலிபெருக்கிகளைத் தெருவில் வைத்து, பாட்டுக்கு மேல் மைக்கில் பேசி ஆட்டத்தைக் கிளப்பும் ஜமைக்கா வழக்கம் அவர் சிறுவயதில் பார்த்தது.

ஹெர்க் கவனித்த விஷயம் ஒன்று உண்டு. பாட்டு முழுக்க ஓரமாக நிற்கும் ஆட்டக்காரர்கள், பாடகரும் மற்ற வாத்தியங்களும் ஒதுங்கி டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் அந்தச் சில நொடிகளில் பாய்ந்து வந்து ஆடினார்கள். அந்த இடத்துக்குப் பெயர் 'பிரேக்'. அதற்கு ஆடியவர்கள் பி-பாய், பி-கேர்ள். சில நொடியில் முடிந்துவிடும் பிரேக்கை நீட்ட என்ன செய்வது? ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வாங்கு. ஒன்றில் பிரேக் முடியும்போது மற்றொன்றில் அதே பிரேக்கைத் தொடங்கு. அதற்குள் முதல் தட்டைப் பின்னுக்குத் தள்ளிவை. இப்படி மாற்றி மாற்றிப் போட்டால் நொடிகள் நிமிஷங்களாக நீளும்.

ஹெர்க் ஊசியை ஒரு குத்துமதிப்பில்தான் வைத்தார், தாளம் சில சமயம் தவறியது. அதைச் சீராக்கியவர் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ். பார்படோஸில் பிறந்து பிராங்ஸில் வளர்ந்து, தொழிற்கல்விப் பள்ளியில் மின்னணுவியல் படித்தவர். அவர் தீர்த்த சிக்கல்களைப் பார்த்தாலே அது ஒரு பொறியியல் வகுப்பு போல இருக்கும்.

1. பிரேக் எங்கே தொடங்குகிறது என்று எப்படித் தெரியும்? ஒரு தட்டு கூட்டத்துக்கு ஒலிக்கும்போது, அடுத்த தட்டை ஹெட்போனில் தான் மட்டும் கேட்க ஒரு ஸ்விட்ச் அமைத்துக்கொண்டார்.

2. எவ்வளவு பின்னால் தள்ள வேண்டும்? தட்டின் மேல் கிரேயானால் கோடு போட்டு, சுற்றுகளை எண்ணினார். இசைத்தட்டு நிமிஷத்துக்கு 33⅓ சுற்று சுற்றும், அதாவது ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. பிரேக் ஒன்பது நொடி என்றால் சரியாக ஐந்து சுற்று பின்னால் தள்ளினால் போதும்.

3. கையால் பிடித்தால் அடியில் சுழலும் தட்டும் சேர்ந்து நிற்கிறதே? நடுவில் இருந்த ரப்பர் விரிப்பை எடுத்துவிட்டு ஃபெல்ட் துணியை வட்டமாக வெட்டிப் போட்டார். அது தொளதொளவென்று இருந்ததால் கஞ்சி தெளித்து இஸ்திரி போட்டு விறைப்பாக்கினார். அவருடைய அம்மா தையல் வேலை பார்த்தவர், எந்தத் துணி வழுக்கும் என்பது வீட்டிலேயே தெரிந்த விஷயம். மேலே இசைத்தட்டு நிற்கும், கீழே மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். இன்று உலகம் முழுக்க டிஜேக்கள் போடும் 'ஸ்லிப்மேட்' விரிப்புக்கு வழி காட்டியது அந்தக் கஞ்சித் துணி.

வீட்டில் பாட்டு கேட்கச் செய்த கருவி இப்படித்தான் வாத்தியமானது. செய்தவர் நினைக்காத ஒரு வேலைக்குப் பயன்படுத்துபவர் ஒரு கருவியைத் திருப்பிவிடுவதைப் பற்றி தொழில்நுட்ப வரலாறு படிப்பவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

## பிறந்தநாளைக் குறித்தது யார்?

1979 வரை இந்த இசைக்கு இசைத்தட்டே கிடையாது. ஆறு வருஷ வரலாறு விருந்துகளிலும் பூங்காக்களிலும் நடந்து, காற்றோடு போய்விட்டது. மிஞ்சியவை கையால் வரைந்த நோட்டீஸ்கள், கையிலிருந்து கைக்குப் போன கேசட்டுகள், பங்கெடுத்தவர்களின் நினைவு, அவ்வளவுதான்.

அப்படியிருக்க ஆகஸ்ட் 11 எப்படி உறுதியான பிறந்தநாள் ஆனது? அந்த விருந்தின் அழைப்பு அட்டை தேதியோடு மிஞ்சியதும் ஒரு காரணம். ஆவணம் இருக்கும் இடத்தில் தொடக்கப் புள்ளியை வைப்பது வரலாறு எழுதுபவர்களின் பழைய பழக்கம். அதே காலத்தில் வேறு டிஜேக்கள் நடத்திய ஆட்டங்களுக்கு அட்டை இல்லை, அதனால் அவர்களுக்கு ஆண்டுவிழாவும் இல்லை.

இன்னொரு கதையையும் எடுத்துக்கொள்வோம். 1977 ஜூலை 13 இரவு நியூயார்க் முழுக்க மின்சாரம் போய், ஒலிச்சாமான் விற்கும் கடைகள் உட்படப் பல கடைகள் சூறையாடப்பட்டன. மறுநாள் ஊரில் டிஜேக்கள் திடீரென்று பெருகினார்கள் என்று அந்தக் காலத்தவர் சிலர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். நம்பலாமா? சொல்பவர் அங்கே இருந்தவர், அது பலம். சொல்வதோ பல வருஷம் கழித்து, ஒரு நல்ல கதை என்று தெரிந்த பிறகு, அது பலவீனம். இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கப் பழகும் மாணவர், நாளைக்கு ஒரு ஊர்க் கலவரத்தைப் பற்றியோ குடும்பச் சொத்துத் தகராறைப் பற்றியோ நாலு பேர் நாலு விதமாகச் சொன்னாலும் தடுமாற மாட்டார்.

ஆண்டுவிழா மேடைகளில் ஹெர்க்கின் பெயர் ஒலிக்கும் அளவுக்கு சிண்டியின் பெயர் ஒலிப்பதில்லை. அறை பிடித்தவர், கட்டணம் வைத்தவர், விருந்துக்குக் காரணமானவர் அவர். கலைஞரை நினைவு வைத்து, ஏற்பாட்டாளரை மறந்துவிடும் வழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. மறக்கப்படுபவர் பெரும்பாலும் பெண்ணாகவே இருக்கிறார்.

## ஆறு நொடி, இரண்டு உரிமை

இந்தப் பாடத்தின் சதைப்பிடிப்பான பகுதி இதுதான்.

1969-ல் வாஷிங்டனைச் சேர்ந்த 'தி வின்ஸ்டன்ஸ்' என்ற குழு ஒரு சிறிய இசைத்தட்டு வெளியிட்டது. முன்பக்கப் பாட்டு கிராமி விருது வாங்கியது. பின்பக்கத்தை நிரப்ப 'ஆமென் பிரதர்' என்ற வாத்திய இசையைப் போட்டார்கள். அதன் நடுவில் டிரம்ஸ் கலைஞர் கிரெகரி கோல்மன் தனியாக வாசிக்கும் ஓர் இடம் வரும். நான்கு தாளவட்டம், சுமார் ஆறு நொடி.

1986-ல் டிஜேக்களுக்காக வந்த பிரேக் தொகுப்புத் தட்டு ஒன்றில் அது சேர்ந்தது. அப்புறம் அது நிற்கவே இல்லை. அமெரிக்க ராப் பாடல்கள், பிரிட்டனின் ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்ற வேகமான நடன இசைகள், விளம்பரங்கள் என்று ஆயிரக்கணக்கான பதிவுகளில் அந்த ஆறு நொடி ஒலித்தது. பிரிட்டனில் ஒரு முழு இசைவகையே அதன் மேல் நிற்கிறது.

கோல்மனுக்கு இதிலிருந்து ஒரு டாலர்கூட வரவில்லை. 2006-ல் வீடில்லாதவராக இறந்தார். குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கே 1996-ல்தான் விஷயம் தெரிய வந்தது. 2015-ல் பிரிட்டிஷ் ரசிகர்கள் இணையத்தில் நிதி திரட்டி அவருக்குச் சுமார் 24,000 பவுண்டு கொடுத்தார்கள்.

எப்படி இது நடக்கும்? ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன.

1. இயற்றியவரின் உரிமை: மெட்டும் சொல்லும் எழுதியவருக்கு உரியது.
2. ஒலிப்பதிவின் உரிமை: பதிவான அந்த ஒலிக்கு உரியது. பெரும்பாலும் ரெக்கார்டு கம்பெனியின் கையில் இருக்கும்.

இந்த இரண்டிலுமே டிரம்ஸ் வாசித்தவருக்கு இடம் இல்லை. அவர் அன்றைய கூலி வாங்கிக்கொண்டு போகும் ஆள். பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பதிவில் வாசித்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்டுக்கும் இதே கதைதான். அவர் வாசிப்பு எண்ணற்ற பாடல்களில் ஒலிக்கிறது, இயற்றியவர் என்ற இடத்தில் இருப்பது பிரவுனின் பெயர். மெட்டை எழுத்தில் குறித்தவருக்கு உரிமை, கையால் கண்டுபிடித்தவருக்குக் கூலி என்று சட்டம் கோடு போட்டிருக்கிறது. அந்தக் கோடு இயற்கையில் இருப்பது இல்லை, மனிதர்கள் போட்டது.

பழைய பதிவிலிருந்து ஒரு துண்டை வெட்டிப் புதுப்பாட்டில் போடுவதற்கு சாம்ப்ளிங் என்று பெயர். 1987-ல் வந்த எஸ்பி-1200 என்ற கருவியில் மொத்தமே பத்து நொடி ஒலிதான் சேமிக்க முடியும். அதனால் தயாரிப்பாளர்கள் 33⅓ சுற்றுத் தட்டை 45 வேகத்தில் ஓட்டிப் பதிவு செய்து, கருவிக்குள் மறுபடி வேகத்தைக் குறைத்தார்கள். பத்து நொடி இடத்தில் பதிமூன்றரை நொடி இசை அடங்கியது. அப்படிச் செய்யும்போது ஒலி கொஞ்சம் கரகரத்தது. அந்தக் கரகரப்பே பின்னாளில் ரசிகர்கள் தேடும் சுவை ஆனது.

சட்டம் குறுக்கே வந்தது 1991-ல். கில்பர்ட் ஓசல்லிவன் என்ற பாடகரின் பாட்டிலிருந்து ராப் பாடகர் பிஸ் மார்க்கி துண்டு எடுத்த வழக்கில், "திருடாதே" என்ற விவிலியக் கட்டளையோடு நீதிபதி தீர்ப்பைத் தொடங்கினார். 2005-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னும் கடுமையாகப் போனது. இரண்டு நொடி கிடார் ஒலியைச் சுருதி குறைத்துப் பயன்படுத்திய வழக்கு அது. "உரிமம் வாங்கு, இல்லையென்றால் சாம்பிள் எடுக்காதே" என்றது தீர்ப்பு. 2016-ல் வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் மடோனாவின் பாட்டு தொடர்பான வழக்கில் நேர்மாறாகச் சொன்னது: ஒரு நொடியில் கால் பங்குகூட இல்லாத துண்டு, கேட்பவர் காதில் பிரித்துத் தெரியாது, அது மீறல் ஆகாது. 2005 தீர்ப்பு இசைநகரமான நாஷ்வில்லைக் கட்டுப்படுத்தும், 2016 தீர்ப்பு லாஸ் ஏஞ்சலஸை. ஒரே பாட்டு இரண்டு ஊரில் இரண்டு விதிக்கு உட்படுகிறது.

விளைவு இசையிலேயே கேட்கும். 1980-களின் இறுதியில் ஒரே பாட்டில் பத்துப் பதினைந்து துண்டுகளை அடுக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் உரிமம் வாங்க வேண்டும் என்றானதும் அந்த அடுக்குமுறை கட்டுபடியாகாமல் போனது. டி லா சோல் என்ற ராப் குழு 1989-ல் வெளியிட்ட முதல் ஆல்பம் 2023 மார்ச் வரை ஸ்ட்ரீமிங் தளங்களுக்கே வரவில்லை. துண்டுகளின் உரிமச் சிக்கல் அதற்கு முக்கியக் காரணம். ஒரு தலைமுறை முழுக்க அந்த ஆல்பத்தைப் பெயரளவில் மட்டும் தெரிந்துகொண்டு வளர்ந்தது.

செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் பிறர் எழுத்தையும் குரலையும் எடுத்துப் பயிற்சி கொடுப்பது சரியா என்று இன்று வாதம் நடக்கிறது. எவ்வளவு எடுத்தால் திருட்டு, எப்போது அது புதுப் படைப்பு, மூலத்தைச் செய்தவருக்கு என்ன பங்கு என்ற அதே கேள்விகளை ஹிப்-ஹாப் முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே நீதிமன்றத்தில் சந்தித்துவிட்டது. இதைப் படித்த மாணவருக்கு இன்றைய வாதம் புதிதாகத் தோன்றாது.

## பாட்டு சாட்சியாகுமா?

அடுத்தது மொழி. ராப்பில் 'நான்' என்று பாடுபவர் எப்போதும் பாடகராகவே இருக்க மாட்டார். எதிராளியை மட்டம் தட்டுவதும் தன்னைப் பெரிதாகச் சொல்லிக்கொள்வதும் கறுப்பின மக்களின் பேச்சு விளையாட்டுகளிலிருந்து வந்த மரபு. நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. கிராமத்துத் திருவிழாவில் எசப்பாட்டு பாடுபவர்கள் ஒருவரையொருவர் கிழித்தெடுப்பார்கள், முடிந்ததும் சேர்ந்து டீ குடிப்பார்கள். ஒப்பாரியில் "என்னையும் கூட்டிட்டுப் போயேன்" என்று அழும் பெண்ணின் மேல் யாரும் வழக்குப் போடுவதில்லை. வடிவத்தின் விதி நமக்குத் தெரியும்.

விதி தெரியாதவர் நீதிபதி இருக்கையிலோ ஜூரியிலோ உட்கார்ந்தால்? நியூ ஜெர்சியில் ஒரு துப்பாக்கிச் சூட்டு வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர் நோட்டில் எழுதி வைத்திருந்த ராப் வரிகளைப் பதிமூன்று பக்கம் ஜூரிக்கு வாசித்துக் காட்டினார்கள். அவற்றில் பல, சம்பவத்துக்கு நெடுநாள் முன்பே எழுதியவை. தண்டனையும் கிடைத்தது. வரிகளுக்கும் குற்றத்துக்கும் நேரடித் தொடர்பு காட்டப்படவில்லை, அவற்றை அனுமதித்ததே தவறு என்று 2014-ல் அம்மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. பாடல் வரிகளைச் சாட்சியமாக்குவதற்குக் கட்டுப்பாடு விதிக்கும் சட்டத்தைக் கலிஃபோர்னியா 2022-ல் கொண்டு வந்தது.

இந்த வழக்குகளில் அடிக்கடி பேசப்படும் ஓர் உளவியல் ஆய்வு உண்டு, 1999-ல் வெளியானது. போலீஸ்காரரைச் சுட்டவன் தன் கதையைச் சொல்லும் பாடல் வரிகளை ஆய்வாளர் எடுத்துக்கொண்டார். அது 1960-ல் வந்த ஒரு நாட்டுப்புறப் பாணிப் பாட்டு, பாடியது வெள்ளையர் குழு. சிலரிடம் "இது ராப்" என்றும், சிலரிடம் "இது கன்ட்ரி இசை" என்றும் சொல்லிக் கொடுத்தார். எழுத்துக்கு எழுத்து ஒரே வரிகள். ராப் என்று நினைத்துப் படித்தவர்களுக்கு அவை அதிக ஆபத்தாகத் தெரிந்தன. 2016-ல் வேறு ஆய்வாளர்கள் மறுபடி செய்து பார்த்தபோதும் முடிவு அதே திசையில்தான் வந்தது.

இதை வகுப்பிலேயே செய்து பார்க்கலாம். இரண்டு தாள், ஒரே வரிகள், மேலே தலைப்பு மட்டும் வேறு. படிப்பதற்கு முன்பே நம் மனசு எவ்வளவு தீர்மானித்து வைத்திருக்கிறது என்று கையும் களவுமாகப் பிடிபடும்.

## கசப்பான பகுதி

இந்த இசையின் பெரிய பகுதி பெண்களைக் கேவலமாகப் பேசுகிறது. அதை மூடி மறைக்கும் பாடத்திட்டம் நேர்மையானது இல்லை. "அதுதான் மரபு" என்று ஒதுக்கிவிடவும் முடியாது. எசப்பாட்டில் எதிராளிக்குத் திருப்பிப் பாட இடம் உண்டு. வீடியோவில் அலங்காரப் பொருளாக நிறுத்தப்பட்ட பெண்ணுக்கு மைக் கிடையாது.

கேள்வி கேட்டவர்களில் மாணவிகள் முன்னால் நின்றார்கள். 2004-ல் அட்லாண்டாவில் கறுப்பினப் பெண்களுக்கான ஸ்பெல்மன் கல்லூரிக்கு நெல்லி என்ற ராப் பாடகரின் அறக்கட்டளை எலும்பு மஜ்ஜை தானம் செய்பவர்களைப் பதிவு செய்ய வருவதாக இருந்தது. அவருடைய வீடியோ ஒன்றில் பெண்ணின் உடலைக் காட்டிய விதத்தைப் பற்றி அவரிடம் பேச வேண்டும் என்றார்கள் மாணவிகள். முகாம் ரத்தானது. ஒரு நல்ல காரியத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று சிலர் சொன்னார்கள். அந்த மாணவிகள் பக்கம்தான் நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. தானம் கேட்டு வருபவரிடம் கேள்வி கேட்பது தானத்தை மறுப்பது ஆகாது. அவர்கள் அந்த இசையோடு வளர்ந்தவர்கள், உள்ளேயிருந்து கேட்டார்கள்.

பெண்கள் இந்தக் கதைக்குப் பிற்பாடு வந்து சேர்ந்தவர்களும் இல்லை. எம்சி ஷா-ராக் 1970-களிலேயே மேடையில் இருந்தார். 1979-ல் ராப்பை முதன்முதலில் பெருவெற்றியாக்கிய இசைத்தட்டைத் தயாரித்தவர் சில்வியா ராபின்சன். அந்தத் தட்டுக்கும் ஒரு கணக்கு பாக்கி உண்டு. அதில் ஒருவர் பாடிய வரிகள் கிராண்ட்மாஸ்டர் காஸ் என்ற இன்னொரு எம்சியின் நோட்டிலிருந்து வந்தவை. காஸின் மேடைப் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும் வரிகூட அப்படியே ஒலிக்கிறது. பெயர் பாட்டுக்குள் இருக்கிறது, இயற்றியவர் பட்டியலில் இல்லை.

## தமிழ் மாணவர் எங்கே தொடங்கலாம்?

ஹிப்-ஹாப் தமிழுக்கு வந்த பாதையும் புலம்பெயர்ந்தவர்களின் பாதைதான். மலேசியாவில் யோகி பி, நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' ஆல்பம் 2006-ல் வந்தது. லண்டனில், ஈழத் தமிழ்க் குடும்பத்திலிருந்து வந்த மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2007-ல் 'பேப்பர் பிளேன்ஸ்' பாடினார். அந்தப் பாட்டின் அடியில் ஓடுவது பிரிட்டனின் தி கிளாஷ் குழுவின் பழைய பாட்டிலிருந்து எடுத்த துண்டு. இயற்றியவர்கள் பட்டியலில் கிளாஷ் குழுவினரின் பெயர்களும் முறையாக இருக்கின்றன. கோல்மனுக்குக் கிடைக்காதது அவர்களுக்குக் கிடைத்தது. சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவையும் ராப்பையும் ஒரே மேடைக்குக் கொண்டு வந்தது.

ஆங்கிலப் பாட்டுதான் வேண்டும் என்று இல்லை. பிடித்த தமிழ்ப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு இந்தக் கேள்விகளோடு உட்கார்ந்தால் ஒரு பருவத்துக்கான ஆய்வுக் கட்டுரை தயார்.

1. இந்தத் தாளம் முதலில் எந்தத் தெருவில், எந்தச் சடங்கில் ஒலித்தது?
2. பதிவில் வாசித்தவர் யார்? உறையிலோ தளத்திலோ அவர் பெயர் இருக்கிறதா?
3. அவருக்குக் கிடைத்தது அன்றைய கூலியா, ராயல்டியா?
4. ஒலி நேரடியாக வாசித்ததா, கணினியில் இருக்கும் ஒலித்துண்டா?

நான்காவது கேள்விக்குப் பதில் தேடிப் போனால் பெரும்பாலும் ஒரு கணினிக் கோப்பில் போய் நிற்போம். பறை என்றோ தவில் என்றோ பெயரிட்டு, ஒரு எண் போட்டிருக்கும். அதைத் தட்டினால் யாரோ ஒருவரின் கை ஒரு நாள் அடித்த அடி ஒலிக்கும். அந்தக் கை யாருடையது என்று கண்டுபிடிப்பதில் ஆய்வு ஆரம்பிக்கட்டும்.